தண்ணீர் மணி அடிக்கிறது, கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது

மதிப்புக்குரிய வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், வட்டார வளர்ச்சி அலுவலரும் இப்போது எங்கள் ஊராட்சிக்குத் தனி அலுவலருமான ஐயா அவர்களுக்கும்,

வணக்கம். போன வாரம் மேலதிகாரி ஒருவர் எங்கள் தொடக்கப் பள்ளியைப் பார்வையிட வந்தார். நீங்கள் இருவரும் கூடவே வந்தீர்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டீர்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பார்வைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனீர்கள். நீங்கள் போன பிறகு அடுத்த நாள் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இந்த மடல். மனுவாக எழுதியது போதும் என்று தோன்றியதால் ஊரறிய எழுதுகிறேன். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். என் மகள் மூன்றாம் வகுப்பு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், குறை சொல்லவே பிறந்தவள் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த மூன்று நான்கு வருடத்தில் பள்ளி மாறித்தான் போயிருக்கிறது. ஓடு சரிந்து மழைக்கு ஒழுகிய பழைய கட்டடத்தை இடித்துவிட்டு இரண்டு வகுப்பறைக் கட்டடம் வந்திருக்கிறது. சுவரில் பெரிய திரை, அதற்கு இணைய இணைப்பு, ஆசிரியர் கையில் கைக்கணினி. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியபோது நமக்கெல்லாம் எப்போது வரப்போகிறது என்று பேசிக்கொண்டோம். அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தார்கள், எங்களுக்கும் வந்தது. விடிந்ததும் களையெடுக்கவும் நூறு நாள் வேலைக்கும் ஓடுகிற வீடுகளில் பிள்ளை வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போவது நின்றது என்றால் அது சின்ன விஷயமா? எண்ணும் எழுத்தும் என்ற கற்றல் திட்டம் வந்த பிறகு என் மகள் அரும்பு நிலையிலிருந்து அடுத்த மொட்டு நிலைக்குப் போய்விட்டேன் என்று வீட்டில் வந்து ஆடினாள். வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்துக் கொடுத்த சின்னச் சின்னப் புத்தகங்களை அவளுடைய பாட்டிக்குப் படித்துக் காட்டுகிறாள். தனியார் பள்ளிக்கு வேனில் அனுப்பிய இரண்டு வீட்டார், காலைச் சாப்பாட்டையும் புதுக் கட்டடத்தையும் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இதற்கெல்லாம் உங்கள் துறைக்கு மனதார நன்றி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

புதுக் கட்டடத்தோடு கழிப்பறையும் கட்டினார்கள். ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று, உள்ளே ஆளுயரத்துக்கு வெள்ளை டைல்ஸ், வெளிச் சுவரில் கை கழுவுகிற முயல் படம், கூரை மேல் கறுப்பு சிண்டெக்ஸ் தொட்டி. தொட்டியிலிருந்து கீழே குழாய் இறங்குகிறது, ஒவ்வொரு அறையிலும் பித்தளைக் குழாய் இருக்கிறது. தொட்டிக்குத் தண்ணீர் வருகிற வழி மட்டும் இல்லை. ஏறுகிற பைப்பு சுவரோரம் முழங்கால் உயரத்தில் வந்து, வாயில் பாலிதீன் பையைச் சுற்றிச் சணலால் கட்டியபடி நிற்கிறது. தண்ணீர் இல்லை என்பதால் பூட்டு. சாவி காண்ட்ராக்டரிடம். கட்டடம் காணொளிக் காட்சியில் திறக்கப்பட்டு, இனிப்புக் கொடுத்து, கல்வெட்டும் பதித்தாகிவிட்டது. கழிப்பறை மட்டும் இன்னும் ஒப்படைக்கப்படவில்லை என்கிறார்கள்.

ஆனால் நீங்கள் வந்த அன்று தொட்டியில் தண்ணீர் இருந்தது. எப்படி வந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் டிராக்டரில் டேங்கர் வந்தது. ஹோஸைக் கூரை மேல் தூக்கிப் போட்டுத் தொட்டியை நிரப்பினார்கள். காண்ட்ராக்டர் ஆள் வந்து பூட்டைத் திறந்தார். பினாயில் ஊற்றினார்கள், வாசலில் பிளீச்சிங் பவுடரால் கோடு கிழித்தார்கள், கோயில் திருவிழாவுக்குப் போடுவார்களே அதே மாதிரி. காலையில் பிள்ளைகள் வரிசையில் நின்று உள்ளே போய்க் குழாயைத் திருகித் திருகிப் பார்த்தார்கள். ஒரு பையன் மூன்று தடவை கை கழுவினான். படம் எடுத்தார்கள். நீங்களும் எட்டிப் பார்த்தீர்கள், ஈரமாக இருந்தது, சுத்தமாக இருந்தது, நல்லது என்றீர்கள். மறுநாள் மத்தியானத்தோடு தொட்டி காலி. மூன்று மணிக்குத் திரும்பவும் பூட்டு. அன்று ராத்திரி என் மகள் கேட்டாள், "அந்த சார் நாளைக்கும் வருவாராம்மா?" அவள் கேட்டது உங்களைத்தான் ஐயா.

எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான். தண்ணீர் கொண்டுவர முடியாது என்றால் அது ஒரு மாதிரி. ஒரு நாளைக்கு மட்டும், பார்க்க வருகிறவர் கண்ணுக்கு மட்டும் கொண்டுவர முடியும் என்றால் அது வேறு மாதிரி. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: கழிப்பறைத் தொட்டிக்கு நிரந்தரத் தண்ணீர் இணைப்புக் கொடுங்கள், பூட்டைத் திறந்துவிடுங்கள்.

இதில் தண்ணீர் மணி வேறு. 2025 ஜூன் கடைசியில் வந்த உத்தரவுப்படி எங்கள் பள்ளியிலும் பதினொரு மணிக்கு, ஒரு மணிக்கு, மூன்று மணிக்கு மணி அடிக்கிறார்கள். பிள்ளைகள் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிக்க வேண்டும். நல்ல யோசனை, நான் கிண்டல் செய்யவில்லை. எங்கள் ஊர் வெயிலுக்குப் பிள்ளைகள் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் குடித்த தண்ணீர் எங்கே போகும் என்று அந்த உத்தரவை எழுதியவர் யோசித்திருப்பார், இங்கே அதைச் செயல்படுத்துகிறவர்கள் யோசிக்கவில்லை. மணி அடித்ததும் என் மகள் பாட்டிலை வாயில் வைப்பாள், ஒரு மடக்கை வாயில் அடக்கி வைத்திருந்து ஜன்னல் வழியாகத் துப்பிவிடுவாள். இதை அவளே சொன்னாள், பெரிய சாமர்த்தியம் போல. அவள் மட்டுமில்லை, அந்த வகுப்பில் பெண் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தானாம். காலையில் கொடுத்து அனுப்புகிற பாட்டில் சாயங்காலம் அதே எடையோடு வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

எட்டரை மணிக்குச் சாப்பிட வருகிற பிள்ளை நாலு மணிக்கு மேல்தான் வீட்டுக்குப் போகிறது. அத்தனை நேரமும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பள்ளிக்குப் பின்னால் சீமைக்கருவேலங் காட்டுக்குப் போக வேண்டும். தனியாகப் போகப் பயந்து இரண்டு இரண்டு பேராகப் போகிறார்கள், ஒருத்தி உட்கார்ந்தால் இன்னொருத்தி பாவாடையை விரித்து மறைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பக்கம் சாராயப் பாட்டில் உடைந்து கிடக்கிறது, மழை பெய்தால் பாம்பு. காலில் முள் குத்தாத பிள்ளை கிடையாது. ஆண் பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்கிவிடுகிறார்கள், அதுவும் சரியில்லைதான், ஆனால் பெண் பிள்ளைகள் பாடு வேறு. போன மாதம் என் மகளுக்கு நீர்க்கடுப்பு வந்து ராத்திரி முழுக்க அழுதாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா மருந்து கொடுத்துவிட்டு, பிள்ளையை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், அடக்கி வைக்க விடாதீர்கள் என்றார். நான் என்ன பதில் சொல்வது? பள்ளியில் மூன்று வேளை மணி அடிக்கிறார்கள் டாக்டர் என்றா?

ஐந்தாம் வகுப்பிலேயே பெரியவளாகிவிடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். இதற்கு மேல் விளக்கி எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியைகள் நிலைமையும் இதுதான். தலைமையாசிரியை அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய்வருகிறார். அந்த வீட்டில் ஆள் இல்லாத நாளில் அவரும் தண்ணீர் குடிப்பதில்லை. ஈராசிரியர் பள்ளி இது, ஒருவர் வெளியே போனால் ஐந்து வகுப்பும் இன்னொருவர் தலையில்.

சரி, இணைப்பு ஏன் வரவில்லை? இதைத் தெரிந்துகொள்ள நான் பட்ட பாட்டை நீட்டி எழுதவில்லை, ஒவ்வொருவரும் சொன்னதை மட்டும் சொல்கிறேன். காண்ட்ராக்டர், எஸ்டிமேட்டில் தொட்டி வரைக்கும்தான் இருக்கிறது, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது என் வேலை இல்லை என்கிறார். ஒன்றியப் பொறியாளர், குடிநீர் ஊராட்சி சமாச்சாரம் என்கிறார். ஊராட்சிச் செயலர், பள்ளிக் கட்டடம் ஒன்றியத்துடையது, நான் எப்படிக் கை வைப்பது என்கிறார். கல்வி அலுவலகத்தில், நாங்கள் பாடம் நடத்துவதற்குத்தான், கட்டடமும் தண்ணீரும் உள்ளாட்சி பார்க்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். முன்பென்றால் ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம், திட்டலாம், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம் என்று மிரட்டலாம். எங்கள் மாவட்டத்தில் தலைவர், உறுப்பினர் எல்லாருக்கும் 2025 சனவரி 5 ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு ஊராட்சி என்றால் தனி அலுவலர்தான். ஒன்றியம் என்றாலும் நீங்கள்தான், ஊராட்சி என்றாலும் நீங்கள்தான் ஐயா. ஒன்றியம் ஊராட்சியைக் கைகாட்டுகிறது, ஊராட்சி ஒன்றியத்தைக் கைகாட்டுகிறது என்றால், நீங்கள் உங்களையே கைகாட்டிக்கொள்கிறீர்கள் என்றுதானே ஆகிறது?

இத்தனைக்கும் தண்ணீர் எங்கோ இல்லை. பள்ளிச் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் தெருவில் போர்வெல்லும் மோட்டாரும் வைத்த சின்டெக்ஸ் தொட்டி நிற்கிறது, தெருவே அதில்தான் துணி துவைக்கிறது. அங்கிருந்து சுவரைத் துளைத்து ஒரு பைப்பு இழுத்தால் வேலை முடிந்தது. காவிரிக் கூட்டுக் குடிநீரைக் கழிப்பறைக்குக் கேட்கவில்லை நாங்கள். அது சமையலுக்கே ஒருநாள் வருகிறது, ஒருநாள் வருவதில்லை, காலை உணவு சமைக்கிற மகளிர் குழுப் பெண்கள் குடத்தில் சுமந்துதான் கொண்டுவருகிறார்கள். உப்புத் தண்ணீராக இருந்தாலும் பரவாயில்லை, போர்வெல் தண்ணீர் போதும். நாங்களே காசு போட்டுப் பைப்பு வாங்கிப் பதித்துக்கொள்கிறோம் என்றும் கேட்டுப் பார்த்தோம். அனுமதி இல்லாமல் அரசுச் சுவரைத் துளைத்தால் கேஸ் ஆகிவிடும் என்று பதில் வந்தது. சாவியும் எங்களிடம் இல்லை.

பெற்றோர் செயலியில் எங்கள் குழுத் தீர்மானத்தைப் பதிவேற்றியாகிவிட்டது. கிராம சபையில் ஆகஸ்ட் 15 அன்றும் பேசினோம், அக்டோபர் 2 அன்றும் பேசினோம், தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுக் கொடுத்தேன். சில நாள் கழித்து, தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டு முடித்துவைக்கப்பட்டது என்று போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. அனுப்பியதோடு முடிந்துவிட்டதாம். பள்ளியின் கணினிப் பதிவில் கழிப்பறை இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம் என்று இருக்கிறது. அதில் பொய் ஒன்றுமில்லை, இருக்கத்தான் செய்கிறது, பூட்டோடு.

சட்டம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் பள்ளிக்கு இருந்தே ஆக வேண்டியவை. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆறு மாதத்துக்குள் எல்லாப் பள்ளியிலும் இவற்றைச் செய்து முடியுங்கள் என்று மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. அன்று ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று கல்லூரியில் இருப்பார்கள். அதே சட்டம்தான் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பெண்களைக் கூட்டி உட்காரவைத்தால் முதலில் எதைப் பேசுவார்கள் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாங்களும் அதைத்தான் பேசுகிறோம். கேட்கத்தான் ஆள் இல்லை.

துப்புரவு செய்கிற அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூட்டைத் திறந்தாலும் யார் கழுவுவது என்று அடுத்த கேள்வி வரும், எனக்குத் தெரியும். அவருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று பேச்சு. எங்கள் ஊரில் கொத்தனார் ஒரே நாளில் வாங்கிக்கொண்டு போகிற காசு அது. அந்த ஆயிரமும் மாதா மாதம் வருவதில்லை, சேர்த்துச் சேர்த்து வருகிறது, சில சமயம் தலைமையாசிரியை அம்மா தன் கையிலிருந்து கொடுக்கிறார். பினாயில், துடைப்பம், வாளியும் அவர் காசுதான். இதை மட்டும் தனியாக ஒரு மடலாக எழுதலாம்.

மேலேயிருந்து உத்தரவு வருவதில் மட்டும் ஒரு நாளும் குறைச்சல் இல்லை. பெஞ்சைப் 'ப' வடிவில் போடுங்கள் என்றார்கள். எங்கள் வகுப்பறையில் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக உட்காருகிறார்கள், 'ப' போட்டால் நடுவில் ஆசிரியர் நிற்க இடம் இருக்காது, அப்புறம் அந்தப் பேச்சே அடங்கிவிட்டது. இந்தப் படத்தை ஏற்று, அந்த விவரத்தைப் பதிவு செய், இன்றைக்கே வேண்டும், பிற்பகல் மூன்று மணிக்குள் வேண்டும். இருக்கிற இரண்டு ஆசிரியர்களில் ஒருவரை வாக்காளர் பட்டியல் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள், மீதி ஒருவர் பாடம் நடத்துவாரா, போனைப் பார்ப்பாரா? ஒரு படத்தை ஏற்றாவிட்டால் அரை மணியில் போன் செய்து கேட்கிற அலுவலகத்துக்கு, மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிற கழிப்பறை மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போகிறது? கைக்கணினியில் கழிப்பறைக்கு ஒரு செயலி இருந்தால் சொல்லுங்கள், பிள்ளைகள் அதிலேயே போய்க்கொள்ளட்டும்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். வேண்டுகோளுக்கே வருகிறேன்.

மாணவர் சேர்க்கைக்கு ஒவ்வொரு வருடமும் தாரை தப்பட்டையோடு ஊர்வலம் வருகிறீர்கள். வரும் ஆண்டும் வருவீர்கள். திரும்பி வந்த இரண்டு வீட்டாரில் ஒரு அம்மா, காட்டுக்குப் போன இடத்தில் மகள் கால் கிழிந்து வந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் மறுபடியும் வேனுக்கே பணம் கட்டிவிடலாமா என்று யோசிக்கிறார். ஒப்பந்தக் கூலிக்குப் போகிற குடும்பம் அது. அவர்களிடம் நான் என்ன சொல்லி நிறுத்துவது? சாப்பாடு நல்ல சாப்பாடு, திரை பெரிய திரை, படிப்பு நல்ல படிப்பு, பிள்ளையை மட்டும் வீட்டிலேயே ஒன்றுக்குப் போகவைத்து அனுப்புங்கள், நாலு மணி வரைக்கும் தாங்கட்டும் என்றா? பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் பள்ளியையே மூடிவிடலாமா என்று பேச ஆரம்பிப்பீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். காரணம் கேட்டால் பெற்றோருக்கு ஆங்கில வழி மோகம் என்று அறிக்கை எழுதுவார்கள்.

ஆகவே ஐயா, அம்மா, பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். கழிப்பறைத் தொட்டிக்கு நிரந்தரத் தண்ணீர் இணைப்பு வேண்டும். சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற போர்வெல்லிலிருந்து கொடுத்தாலும் சரி, பள்ளிக்கென்று தனியாகப் போட்டாலும் சரி, அது உங்கள் இஷ்டம். அது வரைக்கும் போன வாரம் வந்த அதே டேங்கரைப் பள்ளி நடக்கிற நாளெல்லாம் அனுப்புங்கள், வழி தெரிந்த டிரைவர்தான், ஹோஸும் எட்டுகிறது. சாவியைக் காண்ட்ராக்டரிடமிருந்து வாங்கித் தலைமையாசிரியையிடம் கொடுங்கள். துப்புரவு அக்காவுக்கு நிலுவைச் சம்பளத்தைப் போட்டுவிடுங்கள். பின்பக்கச் சீமைக்கருவேலத்தை வெட்டினால் நல்லதுதான், ஆனால் தண்ணீர் வருவதற்கு முன்னால் வெட்டிவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு இப்போதைக்கு இருக்கிற மறைவு அது ஒன்றுதான்.

அரையாண்டு விடுமுறையில் பள்ளி மூடியிருக்கும்போது செய்தால் பாடத்துக்கு இடைஞ்சல் இருக்காது. என்றைக்கு ஆள் வருகிறது என்று இரண்டு நாள் முன்னால் தலைமையாசிரியையிடம் சொல்லிவிடுங்கள். பைப்புப் பதிக்கக் குழி வெட்ட ஆள் நாங்கள் தருகிறோம், கூலி வேண்டாம். சுவரைத் துளைக்க உங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் உறுப்பினர்,
மூன்றாம் வகுப்பு மாணவியின் அம்மா.